ஒரு பாலாடைப் பாலும் கொஞ்சம் மக்னீசியமும்

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், விளக்கைப் போடவில்லை, போட்டால் கதவின் அடியில் கோடாக வெளிச்சம் விழும், ஜெமி அந்தக் கோட்டைப் பார்த்து அம்மா அங்கேதான் ஒளிந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வாள், கைக்குழந்தைக்கு அவ்வளவு தெரியுமா என்று ரூபன் கேட்டார், தெரியும், எனக்குத் தெரியும் அவளுக்குத் தெரியும் என்று. ஹாலில் அவர் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற சத்தம், ஸ்டீல் கிண்ணத்தில் அது இடித்து இடித்துத் திரும்புகிறது, பள்ளிக்கூடத்து மணி மாதிரி. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் அல்லவா, எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது, மைதானத்தில் நாற்பது பையன்களைக் கூப்பிடுகிற குரலைக் குறைத்துக் குறைத்து இப்போது ஒரு கரகரப்பில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். "ஏட்டி, இங்க பாரு. அப்பாவப் பாரு. வாயத் தொற, அம்புட்டுதான். இது என்ன ஒலிம்பிக்கா?" அழுகை இல்லை. அழாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது, அழுதால் மூச்சு போய்வருகிறது என்று தெரியும், நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் மூச்சைக் கேட்கிறேன், கேட்பது ஃபிரிட்ஜின் உறுமல்தான். இன்று ராத்திரி அவள் அவர் கையால் குடித்துவிட்டால் நாளை விடியற்காலை ரயிலில் நான் சென்னைக்குப் போவேன், இருட்டிய பிறகுதான் திரும்புவேன். குடிக்காவிட்டால் எனக்குப் பதில் லேபில் என் ஜூனியர் சபரி போவான். அவ்வளவுதான் விஷயம், நான் பீய்ச்சி வைத்த ஒரு பாலாடைப் பால், அதைவிடச் சின்ன விஷயம் இந்த வீட்டில் இல்லை.

பிறந்ததிலிருந்து அவள் என்னைத் தவிர வேறு யாரிடமும் குடித்ததில்லை, லேபுக்குப் போகிற நாளிலும் பசி வேளைக்கு நான்தான் வீட்டுக்கு ஓடி வருகிறேன். போன வாரம் நானே பாலாடையில் ஊட்டிப் பார்த்தேன், ஊட்டத் தெரியாமல் நேரே தொண்டைக்குள் சாய்த்துவிட்டேன் போலிருக்கிறது, புரை ஏறி, மூக்கு வழியாகப் பால் வந்து, முகம் சிவந்து, அந்தச் சிவப்பு கருத்து, ரூபன் அவளைக் கவிழ்த்து முதுகில் தட்டி, பிறகு அவள் அழுதாள், நான் அவளைவிட அதிகமாக அழுதேன். அந்தக் கருத்த முகம் இன்னும் போகவில்லை, கண்ணை மூடினால் வருகிறது, சோறு பிசையும்போது வருகிறது. கீழ்வீட்டு மும்தாஜ் அக்காதான் மாடியேறி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நீ ஊட்டுனா எப்படிப் புள்ள குடிக்கும்? பிரியாணிய பக்கத்துல வச்சுக்கிட்டு ரசஞ்சோறு குடுத்தா நீ திம்பியா? அத்தா ஊட்டட்டும். நீ கண்ணுல படவே கூடாது. ஆனா உன் வாசன மட்டும் இருக்கணும், நீ உடுத்துன துணி எதையாச்சும் அவரு தோள்ல போட்டுக்கட்டும்" என்றார். மூன்று பிள்ளைகளை வளர்த்த வாய், அதில் சந்தேகமே கிடையாது. நான்தான் சந்தேகத்தாலேயே ஆனவள். படித்தது தப்பு என்று நினைக்க மாட்டேன், ஆனால் மூச்சுக்குழல் எவ்வளவு குறுகல் என்று ஒருமுறை படித்துவிட்டால் அதை மறுபடி அகலமாக்க முடிவதில்லை. "வாசன வருதாட்டி? அம்ம வாசன. மோந்து பாரு." ரூபனின் குரல். நைட்டியை நாற்காலி மேலேயே வைத்துவிட்டு வந்தேன், எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார், பூப்போட்ட நைட்டி, அந்தத் தோளில் அது எப்படி இருக்கும் என்று நினைத்தால் இந்த இருட்டிலும் சிரிப்பு வருகிறது, வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

சபரி போனால் என்ன. போகலாம். நல்ல பையன், மேடம் மேடம் என்று என் பின்னால்தான் எல்லாம் கற்றுக்கொண்டான், மக்னீசிய மாதிரியை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்று ஃபோனிலேயே சொல்லித் தரலாம். ஆனால் சென்னையில் இருக்கிற அந்த எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நேரம் கிடைப்பது லேசல்ல, மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒரு பகல், சாய்வு ஒரு இழை தப்பினால் அந்தக் கோடு தெரியாது, வெறும் சாம்பல்தான் தெரியும், அந்தக் கோட்டை மனசுக்குள் பார்த்துப் பார்த்துப் பழகியவள் நான்தான். இன்னொரு பகலுக்குக் காத்திருக்கவும் முடியாது, எலக்ட்ரான் ஊடுருவுகிற அளவுக்கு மெலியச் செய்து வைத்திருக்கிற மக்னீசியம், காற்று பட்டால் மங்கிவிடும், நாளாக ஆகக் கெட்டுப்போகும், பாலைப் போலத்தான். இதை ரூபனிடம் சொன்னபோது, "ஒன் மக்னீசியமும் கைப்பிள்ளதான் போல" என்றார். கோடு என்றால் என்ன என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த உலோகத்தின் அணுக்கள் அறுகோணமாக அடுக்கப்பட்டவை, அலுமினியம் மாதிரி எந்தப் பக்கம் தள்ளினாலும் வழுக்கி வழி விடுகிற தாராளம் அதற்குக் கிடையாது, இரண்டொரு வழிதான், அந்த வழிகளும் அடைபடுகிற பக்கமாக அமுக்கினால் அது வேறொன்று செய்கிறது, படிகத்தின் ஒரு பகுதி அப்படியே சாய்ந்து திரும்பிக்கொள்கிறது, பக்கத்துப் பகுதிக்குக் கண்ணாடிப் பிம்பம் போல. அதைத்தான் ட்வின் என்கிறோம். திரும்பிய பகுதிக்கும் திரும்பாத பகுதிக்கும் நடுவில் ஓடுகிறதே ஓர் எல்லை, அதுதான் நான் சொல்கிற கோடு, அதுதான் என் இத்தனை வருஷப் படிப்பு. அந்தக் கோடு நிலையாக நிற்காது. எதிர்ப்பக்கம் இழுத்தால் வந்த வழியே பின்வாங்கும், திரும்பியது மறுபடி பழையபடி ஆகும், ஒன்றுமே நடக்காத மாதிரி. அதனால்தான் அந்த உலோகத்தை நம்பி ஒரு பாரத்தை ஏற்ற யாருக்கும் தைரியம் வருவதில்லை. "துப்பாதட்டி, துப்பாத. நல்ல பாலு. நான் குடிச்சே காட்டவா?" ஐயோ, குடித்துவிடப் போகிறார்.

துப்பினாள் என்றால் வாய்க்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். துப்பத் தெரிந்தவளுக்குப் புரை ஏறாது. அப்படியா, ஏறாதா, யார் சொன்னது, நானே சொல்லிக்கொள்கிறேன். பிள்ளை பெற்று வீட்டில் இருந்துவிட்டு லேபுக்குத் திரும்பிப் போன முதல் நாள் சபரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க மேடம், இத்தன மாசம் கதகதன்னு வீட்ல இருந்து நல்லா அனீல் ஆயிட்டீங்க" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். அடித்து நசுக்கி இறுகிய உலோகத்தைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிப்போகும், அதுதான் அனீல், இளகிப்போனவள் என்று கேலி. நான் விடவில்லை. "என் அலாயை அனீல் பண்ணா இறுகும்டா, அளந்து பாத்துட்டு வந்து பேசு" என்றேன். உண்மையிலேயே என் உலோகக் கலவை இறுகுகிறது. அமுக்கி, அந்தக் கோடுகளை உண்டாக்கி, இட்லிப் பானைச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில் அடுப்பில் வைத்து எடுத்து மறுபடி அமுக்கினால், கோடுகள் நகர மறுக்கின்றன. முன்பைவிட அதிக பலம் கொடுத்தால்தான் அசைகின்றன. சூட்டில் வைத்தது வலுத்து வருகிறது. முதல் தடவை பார்த்தபோது அளக்கும் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிறகு எங்கோ வெளிநாட்டில் இதே மாதிரி வேறொரு கலவையில் பார்த்திருக்கிறார்கள் என்று படித்ததும் ஏமாற்றமும் நிம்மதியும் சேர்ந்து வந்தது, எனக்கு முன்னால் யாரோ இந்தத் தெருவில் நடந்திருக்கிறார்கள், தெரு இருக்கிறது, அது போதும். என் கலவையிலும் அவர்கள் சொன்ன காரணம்தானா என்று பார்க்கத்தான் நாளை.

காரணம் என்று நான் நினைப்பதை யாருக்காவது சொல்லவேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் எங்கள் கான்வென்ட் சேப்பலைத்தான் சொல்வேன், சொன்னதில்லை, கைடு சிரிப்பார். அந்தச் சேப்பலில் பெஞ்சுகள் இரண்டு அணியாகச் சாய்வாக வந்து நடுவில் முட்டும், முட்டுகிற இடத்தில் ஒரு பெஞ்சுக்கு முன்னால் தாராளமாக இடம் இருக்கும், அடுத்ததற்கு முன்னால் முழங்கால் நுழையாது, அடுத்தது மறுபடி தாராளம், அப்படியே மாறி மாறி. ஒவ்வொரு முறை முழந்தாளிட்டு எழும்போதும் அந்த வரிசை மட்டும் கிரீச் என்று நகரும், ஜெபமே கெட்டுப்போகும். நான் வகுப்பில் எல்லோரையும்விட உயரம், எங்கே உட்கார்ந்தாலும் முன் பெஞ்சுக்காரியின் முதுகில் என் முட்டி இடிக்கும், "ஏ ஒட்டகம், காலை மடக்குளா" என்பாள் ஃப்ளோரா. ஒருநாள் நாங்களாகவே மாறினோம், யாரும் சொல்லவில்லை, நெட்டையான நாங்கள் நாலைந்து பேர் அந்தத் தாராளமான இடங்களுக்குப் போனோம், இடுக்கான இடங்களில் மூன்றாம் வகுப்புப் பொடிசுகள் போய் ஒட்டிக்கொண்டன. எல்லோருக்கும் கால் வைக்க இடம் கிடைத்தது. பெஞ்சு நகர்வதும் நின்றது. நாங்கள் யாரும் பெஞ்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, சௌகரியமாக உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான், அந்தச் சௌகரியத்தைக் கெடுத்தால்தான் பெஞ்சு அசையும் என்றாகிவிட்டது. என் கலவையிலும் அப்படி இரண்டு சாதி அணுக்கள் உண்டு, மக்னீசியத்தைவிடப் பெரிய கடோலினியம், அதைவிடச் சின்ன துத்தநாகம், இரண்டுமே மக்னீசியக் கூட்டத்துக்குள் பொருந்தாதவை, இடித்துக்கொண்டே இருப்பவை. இளஞ்சூட்டில் அவை ஊர்ந்து ஊர்ந்து அந்தக் கோட்டுக்கு வருகின்றன, அகலமான இடங்களில் பெரியவை, இடுக்கான இடங்களில் சின்னவை, மாறி மாறி, பாசிமணி கோத்த மாதிரி. வந்து உட்கார்ந்தபின் கோடு நகராது. அப்படித்தான் இருக்க வேண்டும். பெரிய அணுக்கள் நாளை அந்தத் திரையில் பளிச்சென்று புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நான் சொல்வதெல்லாம் சேப்பல் கதை.

ஹாலில் என்ன சத்தத்தையே காணோம். இல்லை, இருக்கிறது, ஒரு ச்ச் ச்ச், நாக்கு உள்ளே இழுக்கிற சத்தமா, அல்லது ரூபன் தானே நாக்கைத் தட்டிக் காட்டுகிறாரா, கபடி ஆடுகிறவர் மாதிரி ஒரே மூச்சில் ஏதோ முனகுகிறார், "வந்துட்டா வந்துட்டா ஜெமிமா வந்துட்டா, கோட்டத் தொட்டுட்டா, ஒரு பாயிண்ட்." குடித்துவிட்டால் நல்லதுதானே, நல்லதுதான், ஆனால் அவள் குடிக்கக்கூடாது என்று எனக்குள் எங்கேயாவது ஒரு மூலையில், சீச்சீ, இல்லை. நாளை ரயில் விழுப்புரம் தாண்டும்போது இங்கே அவள் பசித்து வாயைத் திறந்து திரும்பிப் பார்ப்பாள், திரும்பின பக்கம் நான் இருக்க மாட்டேன். அந்த ஒரு திரும்புதல். அதை நினைத்தால்தான். அப்போது அவர் சொல்கிறார், சிரித்துக்கொண்டே, "என்னட்டி, அம்ம கோட்டையே கடிக்கிற? காலரு ருசியா இருக்கோ?" கோட்டு. என்ன கோட்டு. நைட்டி அல்லவா வைத்தேன். கோட்டு என்றால் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய லேப் கோட்டு. அதைத் துவைக்கவென்று வீட்டுக்கு எடுத்துவந்தேன், அதன் கையிலும் மார்பிலும் மஞ்சள் மஞ்சளாகக் கறை, மக்னீசியத்தில் படிகங்கள் கண்ணுக்குத் தெரிய ஒரு கரைசலைத் தடவுவோம், பிக்ரிக் அமிலம் போட்ட கரைசல், விஷம், புட்டியிலேயே மண்டையோடு போட்டிருக்கும், அதைத் தொட்ட கையால் நான் அவளைத் தூக்குவதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போடுகிறவள், அந்தக் கோட்டின் காலர் அவள் வாயில்.

கத்தினால் என் குரல் கேட்டு அழுவாள், அழும் வாயில் பால் இருந்தால் புரை ஏறும், அந்தக் கருத்த முகம். கத்தாமல் ஃபோனை எடுக்கிறேன், கோட்டைக் கழற்றுங்க உடனே, அனுப்பிவிட்டேன், ஹாலில் அவர் ஃபோன் டிங் என்கிறது, அவர் எடுக்கவில்லை, எப்படி எடுப்பார், ஒரு கையில் குழந்தை ஒரு கையில் பாலாடை. மறுபடி டிங். "ஒங்கம்மைக்குப் பொறுமையே கெடையாதுட்டி." கதவைத் திறந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, ஹால் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, சோபாவில் ரூபன், மைதானத்தில் கறுத்த அந்தப் பெரிய தோளில் என் வெள்ளைக் கோட்டு ஒரு சின்னத் துண்டு மாதிரி, அதன்மேல் ஜெமியின் கன்னம். "கோட்டு, கோட்டைக் குடுங்க, விஷம், அதுல விஷம்" என்று உருவுகிறேன். "ஏ பிள்ள, மெதுவா! என்ன இப்படி ஓடி வாரே? குடிச்சுக்கிட்டுல்லா இருக்கா!" "அது லேப் கோட்டுங்க! மஞ்சக் கறை! நைட்டியத்தானே வச்சேன்!" "நைட்டியப் போட்டுக்கிட்டு நான் ஜன்னலுக்கு நேர உக்காந்திருக்கவா? எதுத்த வீட்டுக்காரன் நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல சொல்லுவான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "முந்தாநேத்தே தொவச்சாச்சு பெனி. நீதானே தனி வாளியில ஊற வைக்கணும், கையில உறை போட்டுக்கணும், மூணு தடவ அலசணும்னு குளியலறை கதவுல எழுதி ஒட்டியிருந்தே? அப்படியேதான் செஞ்சேன். அஞ்சு தடவ அலசுனேன். கற போகல, ஆனா சுத்தமா இருக்கு. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். சோப்புத்தூள் வாசனை. வெயில் வாசனை. அமிலம் இல்லை, ஸ்பிரிட் இல்லை, அதற்கு மேலும் மோந்தேன், காலரில், அக்குளில், கை மடிப்பில், நான் இல்லை. என் வேர்வை இல்லை, என் பால் இல்லை, கடையில் வாங்கி வந்த புதுத் துணி மாதிரி யாருமே இல்லை அதில். அப்படியென்றால் இவ்வளவு நேரம் அவள் எதை மோந்துகொண்டு குடித்தாள். ரூபனுக்கு இது உறைக்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. பாலாடையில் கால்வாசிதான் மிச்சம். ஜெமி தலையைத் திருப்பி என்னைப் பார்க்கிறாள், பார்த்துவிட்டாள், எல்லாம் கெட்டது, இனி என்னிடம்தான் வருவாள் என்று நினைக்கிறேன், நினைக்கும்போதே கைகள் தாமாக நீள்கின்றன. அவள் சிரித்தாள். பல்லில்லாத வாய் முழுக்கப் பால், மோவாயில் வழிந்து கழுத்து மடிப்புக்குள் போகிறது, கால்களை உதைத்தாள், என்னை நன்றாகத் தெரியும் என்கிற சிரிப்பு, சந்தேகமே இல்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள். "பாத்தியா, பாத்தியா" என்று அவர் கிசுகிசுக்கிறார், எங்கே சத்தம் போட்டால் அதிர்ஷ்டம் பறந்துவிடுமோ என்பதுபோல, பாலாடையின் மூக்கை அவள் கன்னத்து ஓரமாக வைத்து, துளித் துளியாக, அவள் விழுங்கும்வரை காத்து, மறுபடி துளி. நான் நேரே தொண்டைக்குள் சாய்த்தேன், இவர் ஓரமாக விடுகிறார், பதறாமல், யாரிடம் கற்றார், யாரிடமும் இல்லை, அவளைப் பார்த்துத்தான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒளிய வேண்டிய அவசியமே இல்லை, மும்தாஜ் அக்கா சொன்ன இரண்டும் தப்பு, நான் கண்ணில் பட்டும் குடிக்கிறாள், என் வாசனை இல்லாமலும் குடிக்கிறாள்.

வருத்தமா என்று என்னை நானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொடுகிற மாதிரி. கொஞ்சம் இருக்கிறது. அதற்கு அடியில் வேறொன்று, அகலமாக, கதகதப்பாக, கால் நீட்ட இடம் கிடைத்த மாதிரி. ஜெமியின் கண் சொருகுகிறது, கடைசி மடக்கு விழுங்காமலே உதட்டில் நிற்கிறது, ரூபன் அவளைத் தோளுக்கு மாற்றி முதுகை நீவுகிறார், அப்போதுதான் எனக்குப் பால் சுரந்தது, யாரும் கேட்காமல், யாரும் அழாமல், இரண்டு பக்கமும் சுருக்கென்று குத்தி நான் போட்டிருந்த மாற்று நைட்டியின் முன்பக்கம் நனைந்துவிட்டது. "நாளைக்குப் போயிருவல்லா?" என்கிறார், கதவைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமல். "மத்தியானம் மறுபடி குடிக்கலைன்னா?" "குடிக்கலைன்னா அழுவா. அழுதா தூக்கிட்டு நடப்பேன். பசிச்சா குடிப்பா. நீ போயி ஒன் கோட்டப் பாரு." கோடு என்கிறார். எந்தக் கோடு என்று அவருக்குத் தெரியாது, கேட்டதில்லை, ஆனால் சொல்கிறார். நான் எழுந்து சமையலறைக்குப் போய், இந்தமுறை விளக்கைப் போட்டு, டம்ளரைக் கழுவி, மேடை ஓரமாக நின்று நாளைக்கு அவளுக்கு வேண்டிய பாலைப் பீய்ச்சத் தொடங்கினேன், முதலில் துளி, பிறகு கீச்சு கீச்சென்று ஸ்டீலில் மோதுகிற நூல், அடி நிறைய நிறைய அந்தச் சத்தம் மெத்தென்று ஆனது. மறு கையின் கட்டை விரலால் சபரிக்கு அடித்தேன், நீ வர வேண்டாம், நானே போகிறேன், மாதிரியை மட்டும் எடுத்துக்கொண்டு காலையில் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. ஹாலில் ஜெமி ஏப்பம் விட்டாள், பெரிய மனுஷி மாதிரி. "அடி சக்கை" என்றார் ரூபன். நான் அடுத்த டம்ளரை எடுத்தேன்.